சுவரில் மாட்டுகிற கத்தி

ஆகஸ்ட் 4

மச்சானுக்கு,

கடை எண்ணிலிருந்து அடித்தால் நீ எடுப்பதில்லை. உன் அக்கா எண்ணிலிருந்து அடித்தேன். எடுத்தாய், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பட்டென்று வைத்துவிட முடியாது. பிரித்த பிறகு ரெண்டு வரியாவது கண்ணில் விழுந்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் பில் போட்டுப் பழகின இந்தக் கை கடிதம் எழுதுகிறது.

எனக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. இரும்புச் சாமான் கடை என்பது பாதி குடோன், பாதி அடுப்பு. நாள் முழுக்க அதற்குள் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. கேட்டால், "என் தம்பி உங்ககிட்ட என்னைக்குப் பேசறானோ அன்னைக்கு நானும் பேசறேன்" என்கிறாள். இதைச் சொல்வதற்கு மட்டும் வாய் திறக்கிறாள். நீ மலைமேல் போய் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கிறாய்.

விஷயம் இரண்டு. முதலாவது, சிவப்புப் பிடிக் கத்தி செய்கிற கம்பெனியில் தீட்டும் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் தேடுகிறார்கள். நான் உன்னைச் சொல்லியிருக்கிறேன். மாதச் சம்பளம், ஞாயிறு விடுமுறை, உடம்புக்கு முடியாவிட்டால் மருத்துவச் செலவு. ஒரே கத்தியை வாரக்கணக்கில் தேய்த்துவிட்டு, வாங்க யாராவது வருகிறார்களா என்று மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அவசரமில்லையாம், குளிர் தொடங்குவதற்குள் பதில் சொன்னால் போதுமாம்.

இரண்டாவது, மேஸ்திரியம்மா கடைக்கு வந்தார். உனக்குத் தெரியும், காட்டுப் பாதைகளில் விழுந்த மரம், மூடின கொடி எல்லாம் வெட்டிச் சீர் பண்ணுகிற குழுவை வைத்து நடத்துகிறாரே, அவர். வேலை தொடங்கும்போதெல்லாம் என்னிடம் சிவப்புப் பிடிக் கத்திகளைக் கட்டோடு வாங்கிப் போகிறவர். இந்தத் தடவை கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள கையால செஞ்ச கத்தியெல்லாம் இருந்துச்சே, எங்க?" என்றார்.

"செஞ்சவர் கோவிச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போயிட்டார்."

"யார் மேல கோவம்?"

"என் மேலதான்."

"என்ன சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னேன்."

"அப்ப கோவிக்கத்தான் செய்வாங்க" என்றார். பிறகு, உன் கத்தி ஒன்றைக் காட்டுக்குக் கொண்டுபோய் வேலை செய்து பார்க்க வேண்டும் என்கிறார்.

என் கருத்து மாறவில்லை. அந்த வேலைக்குச் சிவப்புப் பிடி போதும். ஆனால் கேட்பது வாடிக்கையாளர், கேட்டதை உனக்குச் சொல்வது என் தொழில். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுது. அந்த ஒரு வரியைக் காட்டியாவது உன் அக்காவைப் பேச வைக்கிறேன்.

அத்தான்


ஆகஸ்ட் 17

அத்தானுக்கு,

உண்மையைச் சொன்னேன் என்று மேஸ்திரியம்மாவிடம் சொன்னீர்களாம். என்ன உண்மை என்று உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு வார்த்தை வார்த்தையாக இருக்கிறது. ஒருவர் என் கத்தியைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "இது நல்லா வேலை செய்யுமா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள், "சார், அது சுவத்துல மாட்டுற கத்தி. வேலைக்குன்னா இந்தச் சிவப்புப் பிடியை எடுத்துக்குங்க, பத்துல ஒரு பங்கு விலை" என்றீர்கள். அவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று எனக்குக் கோபமில்லை அத்தான். பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே உங்களோடு சண்டை போட்டிருப்பேன். நான் விற்ற கத்திகளெல்லாம் எங்கே இருக்கின்றன தெரியுமா? ஒன்று ஒரு டாக்டரின் புத்தக அலமாரியில். ஒன்றை யாரோ முதலாளிக்குப் பரிசாகக் கொடுக்க வெல்வெட் பெட்டியில் வைத்து வாங்கிப் போனார்கள். இன்னொருவர் மாதம் ஒருமுறை உறையிலிருந்து எடுத்து, எண்ணெய் தடவி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறாராம். பெருமையாக எழுதியிருந்தார். எல்லோரும் புகழ்ந்துதான் எழுதுகிறார்கள். ஒருவர்கூட இதுவரை "கத்தி மொண்ணையாகிவிட்டது, தீட்டிக் கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பியதில்லை.

உங்கள் சிவப்புப் பிடிகளை நான் கடையில் எத்தனை தீட்டியிருப்பேன்! பிசின் ஒட்டினது, பல் விழுந்தது, பாதியாகத் தேய்ந்தது. அப்போதெல்லாம் அலுப்பாக இருக்கும். இப்போது பொறாமையாக இருக்கிறது.

இங்கே பட்டறை என்பது ஒரு மெக்கானிக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இரும்பைத் தேய்க்கிற பெல்ட் மெஷின் முன்னால் நின்றால், முகமூடி போட்டும் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. இருமல் போகவில்லை. அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். மேஸ்திரியம்மாவுக்கு ஒரு கத்தி செய்கிறேன். அது தீட்டுவதற்காக என்னிடம் திரும்பி வந்தால் பட்டறை ஓடும். வராவிட்டால் குளிர்காலத்துக்கு உங்கள் கம்பெனியில் நிற்கிறேன்.

அவரிடம் கேட்டு எழுதுங்கள்: வலக்கையா, இடக்கையா? கையுறை போட்டுக்கொண்டு பிடிப்பாரா?

அக்காவைப் பேசச் சொல்லுங்கள். வாய்ப்பூட்டு நான் போட்டதில்லை.

மச்சான்


செப்டம்பர் 21

எங்கள் வீட்டுச் சிற்பிக்கு,

இடக்கை, கையுறை உண்டு என்று ஒரு அட்டையில் எழுதிப் போட்டேனே, அதற்குத் தகுந்த மாதிரி செய்திருக்கிறாய். கத்தி வந்தது. நான் வியாபாரி, நல்ல பொருளை நல்ல பொருள் என்று சொல்வதில் எனக்கு நஷ்டமில்லை. ஒரு தாளை வெட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. இன்னொரு தாள். அப்புறம் பழைய விலைப்பட்டியல். அப்புறம் சுவரில் தொங்கின காலண்டரில் போன மாதத்தை. உன் அக்கா பின்னாலிருந்து, "நடக்கிற மாசத்தையாவது விட்டு வைங்க" என்றாள். ஆம், பேசுகிறாள். பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பேசுகிறாள். கொஞ்ச நாள் அமைதியாக இருந்த வீடு.

மேஸ்திரியம்மா வந்தார். கையுறையோடு பிடித்துப் பார்த்தார், இல்லாமல் பிடித்துப் பார்த்தார். விலை சொன்னேன். முகம் மாறவில்லை, பேரமும் பேசவில்லை. எனக்கு அதுதான் சரியாகப் படவில்லை. பேரம் பேசாமல் ஒரு சாமானை எடுப்பவர்கள் ஒன்று பணத்தில் புரளுவார்கள், இல்லை அந்தச் சாமான்மேல் ஆசை வைத்திருப்பார்கள். இவர் பணத்தில் புரளுபவர் இல்லை.

"பிடி அடியில எதுக்குங்க இந்த ஓட்டை?"

"கயிறு கோத்து மணிக்கட்டுல மாட்டிக்கலாம். கை நழுவினாலும் கீழ விழாது."

'மாட்டி' என்ற வார்த்தை வாயில் வந்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது, தலையாட்டிக்கொண்டார்.

"இப்ப கொண்டு போறேன். காட்டுல வேலை முடிஞ்சு வந்து காசு தர்றேன். சரிப்படலைன்னா கத்தியைத் தர்றேன். சம்மதமா?" என்றார். யாருக்கும் செய்யாத ஏற்பாடு. சம்மதம் என்றேன். கூடவே குழுவில் மற்ற எல்லோருக்கும் வழக்கம்போல் சிவப்புப் பிடி கட்டிக் கொடுத்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நீ எப்படியும் கேட்பாய்.

கம்பெனிக்காரர் மறுபடி விசாரித்தார். யோசிக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இருமலுக்கு டாக்டரைப் பார். அலமாரியில் உன் கத்தியை வைத்திருக்கிற டாக்டராக இருந்தாலும் பரவாயில்லை.

அத்தான்


அக்டோபர் 12

அத்தானுக்கு,

காட்டிலிருந்து ஏதாவது செய்தி உண்டா?

இங்கே விடாத மழை. அங்கேயும் மழையாகத்தான் இருக்கும். நனைந்த உறைக்குள் கத்தியை விட்டுவைக்க வேண்டாம், வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும் என்று மேஸ்திரியம்மாவிடம் சொன்னீர்களா? அந்தக் கத்தியின் இரும்பு கூர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் துருவும் சீக்கிரம் பிடிக்கும். துருப் பிடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். எடுத்துவிடலாம்.

தீட்டுகிற கல்லைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். மெக்கானிக் காலையில் டீ குடிக்க வரும்போதெல்லாம், "என்ன, பொண்ணு வீட்டுலேர்ந்து பதில் வந்துச்சா?" என்று கேட்கிறார். கல்யாணம் பேசப் போன மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு கத்தி எதிலும் கை வைக்க மனம் வரவில்லை.

கம்பெனிக்காரர் எனக்கே போன் செய்தார். மரியாதையான மனிதர். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மச்சான்


நவம்பர் 6

மச்சான்,

மேஸ்திரியம்மா நேற்று வந்தார். கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கீறல் ஒன்றுகூட இல்லை. நான் கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. கொஞ்சம் எண்ணெய்கூடத் தடவியிருந்தார்.

உனக்குப் பொய் எழுதலாமா என்று யோசித்தேன். நானே பின்கட்டில் நாலு கட்டையை வெட்டி மொண்ணையாக்கி, "காட்டில் நன்றாக உழைத்தது" என்று பார்சல் போட்டிருக்கலாம். காட்டு மரம் எது, பெட்டிப் பலகை எது என்று அலகைப் பார்த்தே நீ சொல்லிவிடுவாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னது இது:

"முதல் நாள் இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் போனேங்க. ஒரு கொடி குறுக்க வந்துச்சு, கை கத்திக்குப் போச்சு. பக்கத்துல இருந்தவ, 'அக்கா, புதுசு, கீறல் விழுந்துடும்'னா. சரி, இந்தக் கொடிக்கு எதுக்குன்னு அவ சிவப்புப் பிடியை வாங்கி வெட்டினேன். அடுத்த கொடிக்கும் அதே மாதிரிதான். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"நல்ல பெரிய வேலைக்குன்னு எடுத்து வச்சீங்களா?"

"அப்படித்தான் வச்சேன். அந்த வேலை வரவே இல்லை." பிறகு சொன்னார்: "சிவப்புப் பிடி மூணு தொலைஞ்சுதுங்க. ஒண்ணு ஆத்துல போச்சு, எங்க போச்சுன்னு ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. இது ஒருநாள் கூடாரத்துல கண்ணுல படலை. மொத்தக் குழுவும் வேலையை விட்டுட்டுத் தேடினோம். என் துணிமூட்டைக்குள்ளேயே இருந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். கத்தி எனக்குக் காவல் இருக்கணும். கத்திக்கு நான் காவல் இருக்க முடியாதுங்க."

உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கத்தியில் குறை ஒன்றும் இல்லை என்று மூன்று தடவை சொன்னார்.

பந்தயம் என்று பார்த்தால் ஜெயித்தவன் நான்தான். நேற்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கத்தியை உனக்கு அனுப்பவா?

அத்தான்


நவம்பர் 18

அத்தானுக்கு,

அனுப்ப வேண்டாம். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கம்பெனிக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் சேர்கிறேன். இங்கிருந்து பஸ்ஸில் போய் வரலாம். கொட்டகைக்குப் பிப்ரவரி வரை வாடகை கொடுத்திருக்கிறேன்; அதுவரை சாமான்கள் கிடக்கட்டும். பெல்ட் மெஷினை மெக்கானிக் கேட்கிறார். ஜனவரி கடைசியில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் பொய் எழுதாமல் விட்டதற்கு நன்றி. எழுதியிருந்தால் நம்பியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அலகில் பட்டது எந்த மரம் என்றெல்லாம் பார்த்திருக்க மாட்டேன்.

கத்தியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சுவர் இருக்கிறது.

மச்சான்


ஜனவரி 9

மச்சான்,

இந்தக் கடிதம் ஒரு வாடிக்கையாளரின் புகார். பார்சலையும் பார்.

கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை என்று பேக்கிங் மேசையின் இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். அட்டைப்பெட்டி கிழிக்கிற பிளேடு கத்தி இந்தக் கடையில் ஒருநாளும் வைத்த இடத்தில் இருந்ததில்லை, உனக்கே தெரியும். ஒருநாள் சரக்கு வந்து நிற்கிறது, லாரிக்காரன் கத்துகிறான், பிளேடைக் காணோம். இழுப்பறையில் கை விட்டேன், இது வந்தது. பிளாஸ்டிக் பட்டையை அறுத்தேன். வெண்ணெய் மாதிரி போனது. அவ்வளவுதான். மறுநாளும் இதையே எடுத்தேன். கயிறு, ஒட்டுநாடா, ரப்பர் குழாய், ஒருவருடைய பூட்ஸ் அடிப்பாகம், எல்லாம் இதிலேதான்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த நல்ல மனது எனக்கு இருந்திருந்தால் நவம்பரிலேயே செய்திருப்பேன். சரக்கு இறக்குகிற நேரத்தில் உன் ஞாபகமெல்லாம் எனக்கு எங்கே வருகிறது!

புகார் என்னவென்றால், மரப்பெட்டி ஒன்றில் ஆணி பிடிவாதமாக இருந்தது. கத்தி கையில் இருந்தது. நெம்பினேன். நுனி ஒரு நகக்கண் அளவு போய்விட்டது. உன் அக்கா பார்த்துவிட்டு, "ஐயையோ, தம்பியோட கத்தியை என்ன பண்ணிட்டீங்க?" என்று அலறினாள். "என்னோட கத்தி. வேலை பண்ணினேன்" என்றேன்.

இப்போது மொண்ணையாகவும் இருக்கிறது. பிடியெல்லாம் பசை. தீட்டி, நுனி வைத்து அனுப்பு. இதை அனுப்பிவிட்டு ஒரு சிவப்புப் பிடியைப் பிரித்து மேசையில் வைத்திருக்கிறேன். நல்ல கத்திதான், நாளைக்கும் நூறு பேருக்கு அதைத்தான் விற்பேன். என் கைக்கு மட்டும் இப்போது ஒத்து வரவில்லை. இதைக் கடைப்பக்கம் யாரிடமும் சொல்லிவைக்காதே.

அவசரம். வேலை நிற்கிறது.

அத்தான்


ஜனவரி 27

அத்தானுக்கு,

ஆணியைக் கத்தி நுனியால் நெம்பச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது? கடையில் ஒரு சுவர் முழுக்கக் கடப்பாரை விற்கிறீர்கள்! ஒரு கடப்பாரையை எடுக்க முடியாதா? கடை நடத்தியே முடி நரைத்த மனிதர் செய்கிற காரியமா இது? பார்சலைப் பிரித்ததும் எனக்கு வந்த கோபத்தில் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றேன். மெக்கானிக், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

ஒட்டுநாடாவின் பசையை அலகில் விட்டுவைத்தால் அதன் அடியில் துருப் பிடிக்கும். மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். கூரின் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. பட்டையை எப்போதும் அந்த ஒரே இடத்தில் வைத்து இழுக்கிறீர்கள். கட்டைவிரலுக்கென்று நான் பிடியில் ஒரு குழி வைத்திருந்தேன். நீங்களும் இடக்கைதான், ஆனாலும் உங்கள் விரல் அங்கே போனதே இல்லை. அதற்கு மேலே, முதுகுப் பக்கம் கறுத்திருக்கிறது. அந்தக் குழியைச் செய்ய எனக்கு ஒரு முழுநாள் ஆனது. வேண்டாத இடத்தில் வைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

நுனியைப் புதிதாக வைத்திருக்கிறேன். பழைய மாதிரி ஒல்லியாக இல்லை. குட்டையாக, கனமாக விட்டிருக்கிறேன். நெம்பாதீர்கள் என்று எழுதப்போவதில்லை. எழுதினாலும் நெம்புவீர்கள்.

கம்பெனியில் ஒன்றும் குறைவில்லை. சிவப்புப் பிடிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. எதையும் கையில் எடுத்து ஒரு நொடிக்கு மேல் பார்க்க நேரமில்லை, பார்க்கவும் தேவையில்லை. அந்தக் காசுக்கு ஒழுங்கான கத்தி. சாயந்திரம் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிவிடுகிறேன். ஆனால் இருமல் குறைந்திருக்கிறது, அங்கே தூசியை இழுக்கிற மெஷின் இருக்கிறது.

உங்கள் கத்திக்காக ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்தேன். பெல்ட் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக் வந்தார். அதை எடுத்துப் போகத்தான் இரண்டு ஆட்களோடு வந்திருந்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேலை இருக்கா?"

"ஒண்ணு வந்திருக்கு."

"தீட்டவா?"

"தீட்டத்தான்."

"அப்ப ஓட்டு" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பிடியின் அடியில் இருக்கிற ஓட்டையின் விளிம்பு தேய்ந்திருக்கிறது. இழுப்பறையில் கிடந்த கத்திக்கு அங்கே எப்படித் தேயும்? எங்கே வைத்திருந்தீர்கள்?

மச்சான்


பிப்ரவரி 8

மச்சான்,

கத்தி வந்தது. உன் குட்டை நுனியால் வந்த அன்றைக்கே ஒரு ஆணியை எடுத்தேன். உடையவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். இழுப்பறையைத் திறந்து திறந்து முழங்கால் மேசைக்காலில் இடிக்கிறது என்று, பேக்கிங் மேசைக்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில், ஒரு ஆணி அடித்தேன். சுவரில்தான் மாட்டினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுக்கிறேன், எத்தனை தடவை மாட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஓட்டை தேயாமல் என்ன செய்யும்?

நான் அன்று அந்த ஆளிடம் சொன்னது தப்பில்லை, பார். எதற்கு மாட்டுவது என்றுதான் சொல்லாமல் விட்டேன்.

இப்போது ஆணி காலியாக இருக்கிறது. முந்தாநாள் பூசணிக்காய் நறுக்க என்று உன் அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். திருப்பிக் கேட்டால், "என் தம்பி செஞ்சது" என்கிறாள். அதனால் எனக்கு இன்னொன்று வேண்டும். கம்பெனி வேலையை விடாதே, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தால் போதும். கொட்டகையைக் காலி பண்ணாதே. கட்டைவிரல் குழியை முதுகுப் பக்கம் வை. கயிற்று ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அவசரத்தில் ஆணியில் விழமாட்டேன் என்கிறது.

நீ சொல்கிற விலையைக் கொடுக்க முடியாது. போனை எடு, பேரம் பேச வேண்டும்.

அத்தான்